வேகப் பிடியா, மெதுவான பிடியா? ஒரு மறுப்புரை



எழுத்துப்பிழை, வாசிப்பு, கட்டுரைப் பயிற்சி என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத வந்திருக்கிறேனே என்று எண்ண வேண்டா. காரணம் உண்டு. இறுதிவரை படித்துவிட்டு ஏசுவதாயின் ஏசுங்கள்.

சென்ற சனிக்கிழமை ஃபேரர் பார்க்கில், பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் ஓர் ஆசிரியர் பயிலரங்கு. அது முடிந்ததும் நாங்கள் நால்வர் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் தேநீர் அருந்தச் சென்றோம். அங்கே நண்பர் ஒருவர் தம் மகனைப் பற்றிச் சொன்னார். பையனுக்குப் பத்தொன்பது வயது. தேசிய சேவையில் இருக்கிறான். விடுப்பு நாள்களில் நண்பர்களோடு ஜொகூருக்குச் சென்று, பழைய டிரையல்ஸ் மோட்டார் சைக்கிள் ஒன்றில் பயிற்சி செய்யத் தொடங்கியிருக்கிறான்.

"ஐயா, நீங்கள் பல ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறீர்கள். அந்த வண்டிக்கு வேகமான திராட்டில் வாங்கிப் போட வேண்டும் என்கிறான். போடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் இன்னொரு நண்பர் முந்திக்கொண்டார். "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வேகமானதையே போடுங்கள். மெதுவானது சின்னப் பிள்ளைகளுக்கு!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் தேநீரைக் குடித்தேன்.

அந்தச் சிரிப்புக்காக வீடு திரும்பும் வழியெல்லாம் வெட்கப்பட்டேன். விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தது ஆசிரியனுக்கு அழகன்று. எனவே அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிதாகப் பழகுபவனுக்கு மெதுவான பிடியே சரி. வேகமான பிடியை அவனுக்கு வாங்கித் தருவது அன்புமன்று, ஊக்கமுமன்று, அறியாமை.

முதலில், டிரையல்ஸ் என்றால் என்ன? பெயரைக் கேட்டதும் பலர் பந்தயம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது விரைவுப் போட்டியன்று. பாறை, வழுக்கும் ஓடை, மரவேர், செங்குத்துச் சரிவு ஆகியவற்றின் மேல் கால் ஊன்றாமல் வண்டியை ஓட்டிச் செல்லும் சமநிலைக் கலை. வண்டியின் எடை ஏறத்தாழ 70 கிலோதான். இருக்கை என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை ஊன்றினால் 2, மூன்று முறையோ அதற்கு மேலோ ஊன்றினால் 3, விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. இங்கே புள்ளி என்பது தண்டனை. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். இத்தகைய விளையாட்டில் "வேகமானதே மேல்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பொருந்துமா?

அடுத்து, திராட்டில். மோட்டார் சைக்கிளின் வலக்கைப் பிடியை முறுக்கினால், அதனுள் இருக்கும் சிறு உருளை சுழன்று ஒரு கம்பியை இழுக்கிறது. அந்தக் கம்பி கார்புரேட்டரின் அடைப்பை உயர்த்துகிறது. காற்றும் எரிபொருளும் கூடுதலாக உள்ளே செல்கின்றன. இயந்திரம் விரைகிறது. உருளை பெரிதாக இருந்தால் சிறிது முறுக்கினாலே கம்பி நிறைய இழுபடும். அது வேகமான பிடி. உருளை சிறிதாக இருந்தால் அதே அளவு கம்பியை இழுக்க அதிகம் முறுக்க வேண்டும். அது மெதுவான பிடி. இரண்டிலும் இயந்திரத்தின் உச்ச ஆற்றல் ஒன்றேதான். இதை நன்கு மனத்தில் கொள்ளுங்கள். மெதுவான பிடி வண்டியின் வலிமையைக் குறைப்பதில்லை. கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவிலுள்ள அளவுகோலைத்தான் மாற்றுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமே, தொடக்கப்பள்ளி ஆசிரியனுக்கு அதில் என்ன தயக்கம்? அடைப்பு முழுமையாகத் திறக்க 26 மில்லிமீட்டர் கம்பி இழுபட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உருளையின் ஆரம் 16 மில்லிமீட்டராயின் பிடியை ஏறத்தாழ 93 பாகை முறுக்க வேண்டும். ஆரம் 20 மில்லிமீட்டராயின் 75 பாகையே போதும். வேறுபாடு வெறும் 18 பாகைதானே என்பீர்கள். மறுபக்கத்திலிருந்து பாருங்கள். பாறையில் சக்கரம் இடித்துக் கை 10 பாகை பிசகிவிட்டது. மெதுவான பிடியில் அடைப்பு 2.8 மில்லிமீட்டர் நகரும். வேகமான பிடியில் 3.5 மில்லிமீட்டர் நகரும். அதே பிழைக்கு நான்கில் ஒரு பங்கு கூடுதல் தண்டனை! அதிலும் டிரையல்ஸ் ஓட்டுநர் பெரும்பாலான நேரம் அடைப்பைச் சிறிதளவே திறந்து வைத்திருப்பார். 2 மில்லிமீட்டர் திறந்திருக்கும்போது இன்னும் 3 மில்லிமீட்டர் திறப்பதும், 20 மில்லிமீட்டர் திறந்திருக்கும்போது 3 மில்லிமீட்டர் திறப்பதும் ஒன்றா?

இனி, நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: "ஆபத்தான நேரத்தில் சட்டென்று ஆற்றல் வேண்டும்; அதற்கு வேகமான பிடிதான் உதவும்."

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் டிரையல்ஸில் சட்டென்று ஆற்றல் தருவது வலக்கைப் பிடியன்று, இடக்கையில் ஒரு விரலால் இயக்கும் கிளச். இயந்திரத்தின் சுழற்சியைச் சற்று உயர்த்தி நிலையாக வைத்துக்கொண்டு, தேவையான நொடியில் கிளச்சை விடுவிக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் வண்டிகள் பாறை மேல் தாவுகின்றன. வலக்கை நிலையாக இருந்தால்தான் இடக்கை தன் வேலையைச் செய்ய முடியும். வலக்கையை நிலையாக வைக்க எது உதவும்? மெதுவான பிடி. ஆகவே இவ்வாதம் நண்பரின் கட்சிக்கு அன்று, என் கட்சிக்கே துணை செய்கிறது.

வாதம் 2: "தொடக்கத்திலேயே வேகமானதில் பழகிவிட்டால் பிறகு மாற்ற வேண்டியதில்லை."

இந்த வாதத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஏனெனில் இதை ஒரு காலத்தில் நானே நம்பினேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 2பி உரிமம் பெற்ற சில மாதங்களில், என் சிறிய வண்டிக்கு வேகமான பிடி ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். யாரும் வற்புறுத்தவில்லை, என் ஆசைதான். மூன்றாம் நாள், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திரும்பும்போது வண்டி சற்றே முன்னால் எகிறியது. என் உடல் பின்னால் சாய்ந்தது. சாயும் உடலைக் கைகள் பிடித்து நிறுத்த முயன்றன. பிடியைப் பற்றியிருந்த வலக்கை உடலோடு சேர்ந்து பின்னால் போனதால் பிடி இன்னும் முறுகியது. வண்டி இன்னும் எகிறியது. உடல் இன்னும் சாய்ந்தது. கண் இமைப்பதற்குள் சுவரோரக் கட்டையில் மோதிக் கிடந்தேன். காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரங்கள் வெண்பலகையில் வலக்கையால் எழுத இயலவில்லை. என் தொடக்கநிலை மூன்று மாணவர்கள், நான் இடக்கையால் எழுதிய 'ழ'கரத்தைக் கண்டு சிரித்தது இன்றும் நினைவிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பயந்த கை விடுவதில்லை, இறுகப் பற்றுகிறது. இறுகப் பற்றிய கை முறுக்குகிறது. பிழை தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. மெதுவான பிடியிலும் இது நிகழலாம். ஆனால் அதில், தவற்றை உணர்ந்து கையைத் திருப்புவதற்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. புதியவனுக்கு வேண்டியது அந்த அவகாசம்தான். வேகமான பிடியில் முதலில் பழகுபவன் நுணுக்கத்தைப் பழகுவதில்லை, அச்சத்தைப் பழகுகிறான். தோளை இறுக்கிக்கொண்டு, பிடியைத் தொடவே அஞ்சி ஓட்டுகிறான். அந்த இறுக்கத்தைப் பிறகு நீக்குவது எவ்வளவு கடினம் என்பதை, எழுதுகோலைத் தவறாகப் பிடிக்கப் பழகிவிட்ட பிள்ளைக்குக் கற்பித்த எந்த ஆசிரியரையும் கேளுங்கள்.

"பிறகு மாற்ற வேண்டியதில்லை" என்பதும் வெற்றுக் கவலை. இது கலியாணமா என்ன, ஒருமுறை முடித்தால் முடித்ததுதான் என்பதற்கு? இந்த உருளை வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் மிக மலிவான பொருள். கருவியும் பொறுமையும் உள்ளவர் வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

வாதம் 3: "உலக வெற்றியாளர்கள் வேகமாகக் கையாளுகிறார்கள். அவர்களைப் பின்பற்றுவதுதானே முறை?"

உலக டிரையல்ஸ் வெற்றியாளர் பட்டம் 1975 முதல் வழங்கப்பட்டு வருகிறது. அதில் ஸ்பெயின் நாட்டவரான டோனி பூ திறந்தவெளியிலும் அரங்கிலுமாக முப்பதுக்கும் மேற்பட்ட பட்டங்களை வென்றவர். அவர் எந்தப் பிடியை வைத்திருந்தால் நமக்கென்ன? அவர் தம் மணிக்கட்டுக்கும் இயந்திரத்துக்கும் ஏறவேண்டிய பாறைக்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்கிறார். நாம் அவருடைய தேர்வை நகல் எடுக்கலாம்; அவருடைய மணிக்கட்டை நகல் எடுக்க முடியாது. பல்கலைக்கழகப் பேராசிரியர் அகராதி பார்க்காமல் படிக்கிறார் என்பதற்காகத் தொடக்கநிலை ஒன்றில் அகரவரிசைப் படங்களைக் கழற்றி எறிவோமா?

பழைய வெற்றியாளர் ஒருவரைக் காட்டுகிறேன். நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரையலில் 1952ஆம் ஆண்டிலும் 1957ஆம் ஆண்டிலும் வென்றவர் ஜானி பிரிட்டன். அவர் ஓட்டியது ராயல் என்ஃபீல்டு புல்லட். ஆம், 1956 முதல் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகி, நம் தமிழ்நாட்டு உறவினர் வீட்டு வாசல்களில் "டப் டப்" என்று முழங்கிய அதே குலத்து வண்டிதான். அந்த வெற்றிகளின் நினைவாகவே 2019இல் 'புல்லட் டிரையல்ஸ்' என்ற பெயரில் இரண்டு வண்டிகளை அந்நிறுவனம் இந்தியாவில் வெளியிட்டது. புல்லட்டின் இயல்பு என்ன? கனமான சுழல்சக்கரம், அவசரப்படாத இயந்திரம். பிடியைச் சற்றுப் பிசகாக முறுக்கினாலும் அந்தக் கனம் அதை உடனே சக்கரத்துக்குச் சொல்லிவிடாது. மெதுவான பிடி செய்யும் அதே உதவியை அங்கே இயந்திரமே செய்தது. மலைப்பாறைகளில் வென்றது இந்த நிதானம்.

வாதம் 4: "மெதுவானதை வாங்கிக் கொடுத்தால் பையன் நண்பர்கள் முன் தலைகுனிய வேண்டும்."

உண்மையான வாதம் இதுதான் என்று நினைக்கிறேன். மற்ற மூன்றும் இதற்குப் போர்த்திய சால்வைகள். 'மெது' என்னும் சொல்லே நமக்கு இழிவாகத் தோன்றத் தொடங்கிவிட்டது. நாங்கள் தேநீர் அருந்திய பகுதியைப் பாருங்கள். 1843 முதல் 1933 வரை குதிரைப் பந்தயம் ஓடிய திடல் ஃபேரர் பார்க்கில் இருந்தது. சாலையின் பெயரே அதனால் வந்தது. 1919இல் அதே திடலில் விமானம் இறங்கியது. 1961 முதல் 1973 வரை மேல் தாம்சன் சாலையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கிராண்ட் பிரீயில் சீறின. வேகத்தின் மீது இவ்வூருக்குக் காதல் உண்டு. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்தத் திடலில்கூடக் குதிரையேறத் தெரியாதவனை முதல் நாளே பந்தயக் குதிரையின் முதுகில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. பதினெட்டு வயதானவன் முதலில் 2பி உரிமம் பெறலாம். 200 சிசி வரைதான் ஓட்டலாம். குறைந்தது ஓராண்டு கழித்தே 2ஏ. அது 400 சிசி வரை. மேலும் ஓராண்டு கழித்தே அதற்கும் பெரிய வண்டி. எனக்கு இது நாடு முழுவதற்கும் பொருத்திய ஒரு மெதுவான பிடியாகவே தெரிகிறது. பயிற்சித் திடலிலும் மாணவரைத் திணறவைப்பது வேகமன்று. குறுகிய பலகை மேல் விழாமல் மெதுவாகச் செல்வதும், எட்டு வடிவில் வளைந்து திரும்புவதும்தான். சிங்கப்பூர்ச் சாலைகளில் ஆண்டுதோறும் உயிரிழப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேரோ அதற்கு மேலோ மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். எனவே இந்த நிதானத்தைக் கேலி செய்யும் உரிமை நமக்கு இல்லை.

பெற்றோர்க்கு இன்னொரு செய்தி. ஓசெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் சிறுவர்களுக்கான மின்சார டிரையல்ஸ் வண்டிகளைச் செய்து வந்தது. 2022இல் டிரையம்ஃப் நிறுவனம் அதை வாங்கியது. அவ்வண்டிகள் பலவற்றில் வேகத்தையும் ஆற்றலையும், பிடிக்கு இயந்திரம் எவ்வளவு விரைந்து பதில் தர வேண்டும் என்பதையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கச் சிறு திருகுகள் உண்டு. பிள்ளை தேறத் தேறப் பெற்றோர் அவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். இதைவிடத் தெளிவாகக் கற்பித்தல் நெறியை யாரும் இயந்திரத்தில் பொறித்துக் காட்டியதாக நான் அறியேன்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மெதுவான பிடியில் முழுத் திறப்புக்கு 90 பாகைக்கு மேல் முறுக்க நேர்ந்தால் முழங்கை கீழே இறங்கிவிடும். உயரமான பாறையில் ஏறும்போது அது இடைஞ்சல்தான். சுழற்சி உயர்ந்தால்தான் வலிமை தரும் 125 சிசி வண்டிக்கு வேகமான பிடி பொருந்தலாம். 300 சிசி வண்டியோ மெல்லத் தொட்டாலே பாயும். அதற்கு மெதுவானதே நல்லது. மழைநாளுக்கும் வழுக்கும் ஓடைக்கும் தேர்ந்த ஓட்டுநர்களே மெதுவானதை விரும்புவதுண்டு. ஆக, வேகமான பிடி தீயதன்று. அதற்குரிய நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அந்த நாளை எப்படி அறிவது? நண்பரின் மகனுக்கு ஒரு தேர்வு வைக்கிறேன். கைப்பிடியை முழுவதும் திருப்பிய நிலையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் எட்டு வடிவில் கால் ஊன்றாமல் பத்துமுறை சுற்றட்டும். ஈரப் புல்சரிவில் பின்சக்கரம் சறுக்காமல் ஏறட்டும். இரண்டையும் தோளை இறுக்காமல், பேசிக்கொண்டே செய்ய முடிந்தால், கடைக்குப் போகலாம். அதுவரை எந்தப் பிடியாயினும் மூன்றைச் சரிபார்க்கட்டும்: விட்டவுடன் பிடி தானாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறதா, கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பும்போது கம்பி இழுபட்டு இயந்திரம் விரையாமல் இருக்கிறதா, விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிறு மணிக்கட்டில் கட்டியிருக்கிறதா. சாலையில் ஓடும் வண்டியாயின் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை அறியாமல் எதையும் மாற்ற வேண்டா.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் 2019இல் நீக்கப்பட்டன. 2023க்குள் எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வும் நீங்கியது. கல்வி அமைச்சு பிள்ளைகளுக்கு மெதுவான பிடியைப் பொருத்திக் கொடுத்தது. நாம் என்ன செய்தோம்? காலியான இடத்தில் துணைப்பாட வகுப்பையும் பயிற்சித்தாளையும் நிரப்பினோம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையை "வேகமாகப் படி, வேகமாகப் படி" என்று விரட்டுகிறோம். பிள்ளை என்ன செய்கிறது? முதலெழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறது. 'பள்ளி' என்று இருந்தால் 'பல்லி' என்று படித்துவிட்டு ஓடுகிறது. நாமும் "சரளமாகப் படிக்கிறான்" என்று மகிழ்கிறோம். இந்தப் பிழையை நானும் செய்திருக்கிறேன். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் எத்தனையோ முறை. வாகன நிறுத்துமிடத்தில் நான் விழுந்தபோது முறிந்த எலும்பு ஆறு வாரத்தில் கூடியது. வாசிப்பில் விழுந்த பிள்ளை தமிழே வேண்டா என்று ஒதுங்கிவிட்டால் அதைக் கூட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும்?

நண்பரே, அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: மெதுவானதையே போடுங்கள். தம்பி வருத்தப்பட்டால் என்னிடம் அனுப்புங்கள். என் காறை எலும்பில் இன்றும் தடவினால் தெரியும் அந்த மேட்டைக் காட்டுகிறேன். பேச்சைவிட அது தெளிவாகச் சொல்லும்.

அன்று "சின்னப் பிள்ளைகளுக்கு" என்று சொன்ன நண்பரும் இதைப் படிப்பார் என்று அறிவேன். மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த பயிலரங்கில் பேசுவோம். தேநீர்ச் செலவு என்னுடையது.